ஃப்ரீகேட் ஸ்கெட்ச்: வெர்னியர் வைத்துப் பார்த்தால் அளவு எல்லாம் சரி, ஆனாலும் திட்டுகிறது. ஏன்?

காசிமேடு_டர்னர்

எல்லாருக்கும் வணக்கம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சந்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் விசைப்படகு வேலைதான்: விஞ்ச் அடிப்பிளேட், ஷாஃப்ட் கப்ளிங், சுக்கான் புஷ். இதுவரை பிளேட் வேலை என்றால் சாக்பீஸ் தேய்த்து, டிவைடரால் கோடு இழுத்து, சென்டர் பஞ்ச் அடித்து, கேஸ் கட்டிங்கில் வெட்டி, கிரைண்டர் பிடித்து முடிப்போம். இப்போது லேசரில் வெட்டினால் கிரைண்டிங் கூலியே மிச்சம். ஆனால் லேசர்காரர்கள் டி.எக்ஸ்.எஃப். ஃபைல் (லேசர் மெஷினுக்குக் கொடுக்கிற வரைபட ஃபைல்) இல்லாமல் பேச்சே கொடுப்பதில்லை. வெளியில் வரையக் கொடுத்தால், ஒரு ஓட்டையை இரண்டு எம்.எம். நகர்த்தக்கூட மறுபடி அவர் நேரம் பார்த்துப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் மகளின் பழைய லேப்டாப்பில் ஃப்ரீகேட் 1.0 (காசில்லாமல் கிடைக்கிற வரைபட சாஃப்ட்வேர்) ஏற்றிக்கொண்டு நானே உட்கார்ந்துவிட்டேன்.

வரைவது ஒரு விஞ்ச் அடிப்பிளேட். 120 × 80, மூலைக்கு 10 ரேடியஸ், நடுவில் 40 போர் (பெரிய ஓட்டை), நாலு மூலையிலும் 4 நூல் போல்ட்டுக்கு ஓட்டை. ஓட்டை சென்டர் 90 × 50. தடிமன் 10 எம்.எம். எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்).

முதலில் லைன் டூலை எடுத்து நாலு கோடு போட்டு மூலைகளைச் சேர்த்தேன். டச்பேடில் கோடு கொஞ்சம் சாய்ந்துதான் போகிறது. மேல் கோட்டைத் தொட்டு 120 என்று கொடுத்தேன். அவ்வளவுதான், பெட்டி முழுக்கக் கோணிக்கொண்டு எங்கேயோ ஓடிவிட்டது. பக்கத்தில் பேனலில் "அண்டர் கன்ஸ்ட்ரெய்ண்டு, 7" என்று எழுதியிருந்தது. எது 7?

அதை அழித்துவிட்டு ரெக்டாங்கிள் டூலில் போட்டேன். இந்த முறை ஓடவில்லை. இடது விளிம்பிலிருந்து ஓட்டை 15, ஓட்டைக்கு ஓட்டை 90, அங்கிருந்து வலது விளிம்பு 15, மொத்தம் 120. கடைசி 120 போட்டதும் "ரிடண்டண்ட்" என்று திட்டுகிறது. 15, 90, 15 கூட்டினால் 120 வராமல் வேறு என்ன வரும்? கணக்கு சரியாக இருக்கும்போது எதற்குத் திட்டு?

இன்னொன்று. ஒரு கப்ளிங்கில் ஆறு ஓட்டை, பி.சி.டி. (ஓட்டை சென்டர்கள் எல்லாம் உட்காருகிற வட்டத்தின் விட்டம்) 100. பிளேட்டில் என்றால் டிவைடரை வைத்துச் சுற்றி அடித்துவிடுவேன். ஸ்கெட்சில் எப்படி?

ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம். ஜூன் 14 வரை படகுகள் கடலுக்குப் போகாது, எல்லாம் வரிசையாக ரிப்பேருக்கு நிற்கும். அதற்குள் கை பழகிவிட வேண்டும். யாராவது பட்டறை பாஷையில் சொல்லுங்கள், யூடியூபில் சொல்பவர்கள் மௌஸை ஆட்டுகிற வேகத்துக்கு என் கண்ணே போகவில்லை.

---

மணலி_பைப்பிங்

தல, இதுக்கு எதுக்கு ஃப்ரீகேட்? ஆட்டோகேடில் எஃப்8 அழுத்தி ஆர்த்தோ போட்டுக்கொண்டு எல் அடித்து 120, 80, 120, சி. பெட்டி முடிந்தது. ஓ அடித்து 15 உள்ளே ஆஃப்செட் செய்தால் ஓட்டை சென்டர் நாலும் கிடைத்துவிடும். மூலைக்கு எஃப், ரேடியஸ் 10. ஐந்து நிமிஷ வேலை. காசு செலவழிக்க மனசு இல்லையென்றால் லிப்ரேகேட் போடுங்கள், அதுவும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். நான் வருஷக்கணக்கில் பைப்பிங் லேஅவுட் வரைகிறேன், இந்தக் கன்ஸ்ட்ரெய்ண்ட் கின்ஸ்ட்ரெய்ண்ட் எல்லாம் தொட்டதே இல்லை. புதுசாக வந்த ஃபேஷன், வேலைக்கு ஆகாது.

---

வியாசை_அக்கா

அண்ணா, மணலிக்காரர் சொன்னது ஆட்டோகேடுக்குச் சரியான வழிதான். ஒரே ஒரு பீஸ், இனிமேல் மாறவே மாறாது என்றால் நானும் அப்படித்தான் வரைவேன். ஆனால் உங்கள் வேலையில் அதே பிளேட் அடுத்த படகுக்கு 130 ஆகும், ஓட்டை 95 ஆகும். அப்போது ஆஃப்செட் போட்டு வரைந்ததில் பாதியை அழித்துத் திரும்ப வரைய வேண்டும். கன்ஸ்ட்ரெய்ண்ட், அதாவது எது எப்படி நிற்க வேண்டும் என்கிற கட்டுப்பாடு, போட்ட ஸ்கெட்சில் எண்ணை மாற்றினால் போதும், மூலை ரேடியஸ் உட்பட எல்லாம் கூடவே நகரும். ஃப்ரீகேடை விடாதீர்கள்.

நான் வியாசர்பாடியில் ஒரு ஷீட் மெட்டல் பட்டறையில் லேசருக்கு நெஸ்டிங் (ஒரே ஷீட்டில் பீஸ்களை அடுக்கி வைப்பது) போடுகிறேன். காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஊரில் உள்ளவர்கள் வரைந்த டி.எக்ஸ்.எஃப். எல்லாம் என் தலையில்தான் வந்து விழும். அதனால் வரைகிறவர் பக்கத்தையும் தெரியும், வெட்டுகிறவர் பக்கத்தையும் தெரியும்.

முதலில் அந்த 7. ஸ்கெட்சில் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு முனை, ஒவ்வொரு முனையும் எக்ஸ் பக்கம் ஒன்று, ஒய் பக்கம் ஒன்று என இரண்டு வழியில் நகரும். ஆக ஒரு கோட்டுக்கு 4. நாலு கோட்டுக்கு 16. நீங்கள் மூலைகளைச் சேர்த்தீர்களே, ஒவ்வொரு மூலையும் 2-ஐச் சாப்பிட்டுவிடும். 16-இல் 8 போனால் மீதி 8. மேல் கோட்டுக்கு 120 கொடுத்ததில் இன்னொன்று போயிற்று. மீதி 7. அதைத்தான் சாஃப்ட்வேர் சொல்கிறது: "அண்ணா, இது இன்னும் 7 விதமாக நகரலாம், எது வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை." திட்டு இல்லை அது. அந்த எண் மேலேயே கிளிக் செய்து பாருங்கள், இன்னும் கட்டாத கோடு, புள்ளி எல்லாவற்றையும் அதுவே தேர்ந்தெடுத்துக் காட்டும்.

கோணிக்கொண்டு ஓடியதற்கும் இதுதான் காரணம். நாலு மரச்சட்டத்தை மூலைக்கு ஒரு ஆணி மட்டும் அடித்து நிறுத்தினால் சாய்ந்துபோகும் இல்லையா, அப்படி ஒரு பெட்டியைத்தான் வரைந்திருந்தீர்கள். மேல் கோடு 120 நீளம் என்றுதான் சொன்னீர்கள், படுக்கையாக இரு என்று சொல்லவில்லை. ரெக்டாங்கிள் டூலில் படுக்கைக்கு இரண்டு, செங்குத்துக்கு இரண்டு கன்ஸ்ட்ரெய்ண்ட் தானாக விழும். 8-இல் 4 போய் 4 மீதி: நீளம், அகலம், எக்ஸில் எங்கே, ஒய்யில் எங்கே. அதனால்தான் இரண்டாவது தடவை ஓடவில்லை.

இந்தக் கணக்கை ஒவ்வொரு தடவையும் போட வேண்டியதில்லை. என் பழக்கம் ஒன்றைச் சொல்கிறேன்: எண் எதுவும் அடிப்பதற்கு முன்னால் மௌஸால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். பெட்டி சாய்ந்தால் செங்குத்து இல்லை. பெட்டி சாயாமல் மொத்தமாக நகர்ந்தால் ஒரிஜினோடு கட்டவில்லை. ஒரு ஓட்டை மட்டும் தனியாகக் கழன்று வந்தால் அதை எதனோடும் சேர்க்கவில்லை. எது ஆடக்கூடாதோ அது ஆடுகிறது என்றால் அங்கே போய் கன்ஸ்ட்ரெய்ண்ட் போட வேண்டும். உருவம் ஒழுங்காக ஆடத் தொடங்கிய பிறகுதான் அளவு. எங்கள் பட்டறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் எல்லாரும் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், முதல் கோடு போட்டதுமே அளவு. அப்புறம் அது பறக்கும், இவர்கள் பின்னாலேயே ஓடுவார்கள்.

இப்போது அந்த ரிடண்டண்ட். 15, 90, 15 என்று மூன்றையும் சொன்ன உடனே மொத்தம் 120 என்பது முடிவாகிவிட்டது. நீங்கள் அதை இன்னொரு தடவை சொன்னீர்கள். கணக்கு சரியாக இருப்பதால் "ஏற்கெனவே தெரியும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டது. அதுவே இடது பக்கம் 15.2 என்று அடித்திருந்தால் ஓவர் கன்ஸ்ட்ரெய்ண்டு என்று வந்திருக்கும். ஏனென்றால் அப்போது நீங்கள் சொன்ன இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும், எதை நம்புவது என்று அதற்குத் தெரியாது. முதலாவதில் ஒரு பேச்சு கூடுதல், இரண்டாவதில் பேச்சே முரண். இரண்டையும் ஒரே மாதிரி பார்க்காதீர்கள்.

சரி, எதை எடுப்பது? யோசிக்காமல் கடைசியாகப் போட்டதை அழிப்பார்கள் எல்லாரும். உங்கள் பிளேட்டில் அழிய வேண்டியது 120 இல்லை, அந்த இரண்டு 15-ம். போல்ட் போய் உட்காருவது ஓட்டையில், விஞ்ச்சின் அடியில் உள்ள ஓட்டையோடு பொருந்த வேண்டியது அந்த 90-ம் 50-ம். விளிம்பு அரை எம்.எம். அப்படி இப்படி இருந்தால் யாருக்கும் தெரியாது. அதனால் நான் வரைவது இப்படி:

எக்ஸ்ஒய் பிளேனில் புது ஸ்கெட்ச். சிவப்பு அச்சும் பச்சை அச்சும் சந்திக்கிற இடம்தான் ஒரிஜின், உங்கள் பாஷையில் முதல் சென்டர் பஞ்ச். அதைச் சுற்றிக் கண் அளவில் ஒரு ரெக்டாங்கிள். எதிரெதிர் மூலை இரண்டு, அப்புறம் ஒரிஜின், மூன்றையும் தேர்ந்தெடுத்து சிமெட்ரிக் (இரண்டு பக்கமும் சமதூரம்). பிளேட் இனி நடுவை விட்டு நகராது. உள்ளே இன்னொரு ரெக்டாங்கிள், இதுவும் ஒரிஜினுக்கு சிமெட்ரிக், ஆனால் இதைக் கன்ஸ்ட்ரக்ஷன் கோடாக மாற்றிவிடுங்கள். நீங்கள் பிளேட்டில் டிவைடரால் கீறுகிற கோடு மாதிரி, குறிக்க உதவும், வெட்டாது. ஸ்கெட்சை டி.எக்ஸ்.எஃப். ஆக எக்ஸ்போர்ட் செய்யும்போதும் அது வெளியே போகாது. அதன் நாலு மூலையிலும் ஒவ்வொரு வட்டம், நாலு வட்டத்துக்கும் ஈக்வல். ஒரிஜினில் போருக்கு ஒரு வட்டம். இதுவரை ஒரு எண்கூட அடிக்கவில்லை பாருங்கள். இழுத்துப் பாருங்கள், எல்லாப் பக்கமும் ஒரே சீராக விரியும், சுருங்கும்.

இப்போது அடியுங்கள்: 120, 80, 90, 50, போர் 40, ஓட்டை 13.5. கடைசியாக மூலை ரேடியஸ் 10. ஏழே எண். கோடெல்லாம் பச்சையாகிவிடும். 15 எங்கேயும் இல்லை, ஆனால் அளந்தால் இருக்கும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றால் 15-ஐ ரெஃபரன்ஸ் அளவாகப் போடுங்கள், அது காட்ட மட்டும் செய்யும், எதையும் கட்டுப்படுத்தாது.

மூலை ரேடியஸைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் காரணம் உண்டு. ஃபில்லெட் (மூலையை வளைப்பது) போட்டதும் மூலைப் புள்ளி போய்விடும், அந்தப் புள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்த சிமெட்ரிக்கும் அளவும் அறுந்துவிடும். ஃபில்லெட் டூலில் மூலைப் புள்ளியை வைத்துக்கொள்ளும் வசதி ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்துவிட்டுப் போடுங்கள். நாலு ரேடியஸுக்கும் ஈக்வல் போட மறக்க வேண்டாம்.

4 நூல் என்றால் அரை இஞ்ச், 12.7. ஓட்டை 13.5 என்று எழுதியது என் பழக்கம், டெக்கில் நின்று மாட்டுகிறவருக்கு அந்த இடைவெளி வேண்டும்.

இன்னொன்று, சாம்பிளை அளந்து வரைகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கேஸ் கட்டிங்கில் வெட்டிய பழைய பிளேட்டை வெர்னியரில் பிடித்தால் 119.6, 80.3 என்று வரும். அதை அப்படியே அடித்து எனக்கு அனுப்புவார்கள். துருவையும் கிரைண்டர் தின்றதையும் சேர்த்து நான் வெட்டிக் கொடுக்கவா? அதை முதலில் செய்தவர் மனசில் என்ன எண் இருந்திருக்கும் என்று பாருங்கள். 120, 80. ஓட்டைக்கு ஓட்டை அளவை மட்டும் விட்டுக்கொடுக்காமல் அளக்க வேண்டும். இரண்டு ஓட்டையின் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்து ஒரு ஓட்டை விட்டத்தைக் கழித்தால் சென்டர் தூரம் வந்துவிடும், இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கப்ளிங். பாலிகன் டூலில் ஹெக்ஸகனை எடுத்து ஒரிஜினை மையமாக வைத்துப் போடுங்கள். மூலைகள் வழியாகப் போகும் வட்டம் ஒன்று கன்ஸ்ட்ரக்ஷனாகக் கூடவே வரும், அதுதான் உங்கள் பி.சி.டி. அதற்கு 100. ஹெக்ஸகன் கோடு ஆறையும் கன்ஸ்ட்ரக்ஷன் ஆக்கிவிட்டு மூலைக்கு ஒரு வட்டம், ஆறும் ஈக்வல். இழுத்துப் பாருங்கள், மொத்தமும் சக்கரம் மாதிரி சுற்றும். ஒரு மூலையைப் பிடித்து எக்ஸ் அச்சின் மேல் வைத்தால் நின்றுவிடும். ஆறு ஓட்டைக்கு ஒரு வசதி: பக்கத்து ஓட்டைக்கு ஓட்டை தூரம் பி.சி.டி.யில் சரிபாதி. 100-க்கு 50. டிவைடரைச் சுற்றி அடிக்கும்போது ஆரத்தையே எடுத்து வைப்பீர்களே, அதே கணக்கு. நாலு ஓட்டை என்றால் பி.சி.டி.யை 0.7071-ஆல் பெருக்க வேண்டும், எட்டு என்றால் 0.3827-ஆல். பீஸ் கைக்கு வந்ததும் அதை வைத்துச் சரிபார்க்கலாம்.

கப்ளிங் போரை மட்டும் லேசரில் முழு அளவுக்கு வெட்டச் சொல்லாதீர்கள். ஷாஃப்ட்டோடு ஃபிட் வேண்டிய இடம் அது, லேசர் வெட்டின முகம் அதற்கு ஆகாது. 40 வேண்டுமென்றால் ஸ்கெட்சில் 37 போட்டு வெட்டி, மீதியை லேத்தில் எடுங்கள். அந்த வேலையில் நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும்.

கடைசியாக மணலிக்காரருக்கு: கன்ஸ்ட்ரெய்ண்ட் புது ஃபேஷன் இல்லை தம்பி. 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேடில், திரையில் லைட் பேனால் கோடு போட்டு, இது இதற்கு இணை, இது இதற்கு சமம் என்று சொன்னால் கம்ப்யூட்டரே நேராக்கிக் கொடுத்தது. ஆட்டோகேட் முதலில் வந்தது 1982-இல். அதிலேயேகூட 2010 வெர்ஷனிலிருந்து பேராமெட்ரிக் என்று ஒரு டேப் இருக்கிறது, ஒரு நாள் திறந்து பாருங்கள்.

---

மணலி_பைப்பிங்

அந்த டேபைப் பார்த்திருக்கிறேன், ஏதோ ஷோவுக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பைப்பிங் லேஅவுட்டுக்கு இப்போதும் தேவைப்படாது என்றுதான் சொல்வேன், அங்கே ஒரு டிராயிங்குக்கு ஆயிரம் கோடு இருக்கும், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டிருந்தால் பிளான்ட் ஷட் டவுனே முடிந்துவிடும். பிளேட்டுக்கு சரி.

---

மினி_டிராஃப்டர்

பெரம்பூரிலிருந்து எழுதுகிறேன். ரிடையர்ட் டிராஃப்ட்ஸ்மேன். டிரேசிங் பேப்பரில் இங்க் போட்டு, தப்பினால் பிளேடால் சுரண்டி, அமோனியா பிரிண்ட் வாசனையில் காலம் தள்ளிய ஆள்.

அந்த அம்மா சொன்னதில் பெரும்பகுதி எங்களுக்குப் போர்டில் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு அளவை ஒரு இடத்தில்தான் எழுத வேண்டும், சங்கிலியாக எழுதினால் ஒன்றை விட வேண்டும், விட்டதைக் காட்ட ஆசைப்பட்டால் அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். நமது எஸ்.பி. 46 என்ற வரைபட விதிநூலிலும் துணை அளவுகளுக்கு அந்த அடைப்புக்குறிதான். அன்றைக்கு இரண்டு இடத்தில் எழுதினால் சீஃப் திட்டுவார், இன்றைக்கு சாஃப்ட்வேர் திட்டுகிறது.

ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. எடுத்த உடனே பிளேட்டின் நடுவை ஒரிஜினில் வை என்று சொல்லிவிட்டார். எங்கே மாட்டப்போகிறார் என்று கேட்டாரா? நாலு போல்ட்டில் மட்டும் நிற்கிற பிளேட் என்றால் நடு சரி. ஒரு விளிம்பு எதிலாவது முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அந்த விளிம்புதான் டேட்டம். அங்கிருந்துதான் எல்லா அளவும் புறப்பட வேண்டும். அப்படியானால் அந்த இடது 15 உயிர் அளவு, அழிக்கக் கூடாது. வலது 15-தான் போக வேண்டும்.

டர்னர் தம்பி, பிளேட் படகில் எப்படி உட்காருகிறது?

---

காசிமேடு_டர்னர்

ஐயா, கேட்டது நல்லதாகப் போயிற்று. நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. டெக்கில் ஒரு ஆங்கிள் (எல் வடிவ இரும்பு) வெல்டிங் செய்து வைத்திருப்பார்கள். பிளேட்டின் இடது விளிம்பை அதில் முட்டக்கொடுத்துத்தான் போல்ட் போடுவோம். வலை இழுக்கும்போது விஞ்ச் அந்தப் பக்கமாகத்தான் தள்ளும், லோடு முழுக்க ஆங்கிளில் இறங்கும். வலது பக்கம் ஒன்றும் கிடையாது, காலி.

மேடம், நீங்கள் சொன்னபடி நடுவில் வைத்து வரைந்துவிட்டேன். ஏழு எண்ணும் அடித்ததும் பச்சையானது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன், "இதுக்கா இவ்வளவு சத்தம்" என்று போய்விட்டாள். மூலையைப் பிடித்து இழுத்துப் பார்க்கிற வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, சக்கில் ஜாப் மாட்டினதும் கையால் ஆட்டிப் பார்க்கிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறதே.

இப்போது ஐயா சொல்கிறபடி இடது விளிம்புக்கு மாற்ற வேண்டும் என்றால் முழுவதும் அழித்து வரைய வேண்டுமா? அப்புறம் ஒரு படகுக்காரர் வலது பக்க ஓட்டை இரண்டையும் நீள ஓட்டையாகக் கேட்கிறார், பழைய டெக்கில் போல்ட் இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறதாம். கூடவே, டி.எக்ஸ்.எஃப். அனுப்பும்போது நான் கவனிக்க வேண்டியது என்ன?

---

வியாசை_அக்கா

ஐயா சொன்னதுதான் சரி, ஆங்கிள் இருக்கிறது என்றால் விளிம்பிலிருந்துதான் போக வேண்டும். இப்போது பிளேட் 120-க்குப் பதில் 119.5 வெட்டுப்பட்டாலும் அந்தக் குறை வலது பக்கம் போய்விடும், ஓட்டை தன் இடத்தில் இருக்கும்.

முழுவதும் அழிக்க வேண்டாம். வலது பக்க வேலையும் வருவதால், மூலை ரேடியஸையும் கன்ஸ்ட்ரெய்ண்டுகளையும் பார்த்துப் பார்த்து மாற்றுங்கள். பேனலில் கன்ஸ்ட்ரெய்ண்ட் பட்டியல் இருக்கும், அதில் சிமெட்ரிக் இரண்டையும் அழியுங்கள், போர் சென்டரை ஒரிஜினோடு சேர்த்ததையும் அழியுங்கள். இனி வெளிப் பெட்டியின் இடது விளிம்பு, அதன் மேல் மூலையும் கீழ் மூலையும், ஒரிஜினுக்கு சிமெட்ரிக். ஆங்கிளில் முட்டுகிற முகத்தின் நடுப்புள்ளி இப்போது ஒரிஜின். ஓட்டைப் பெட்டிக்கு இடது பக்கம் ஒய் அச்சிலிருந்து 15.

அந்த ஓட்டைப் பெட்டி உயரத்தில் நடுவில் நிற்க வேண்டும் அல்லவா, அங்கேதான் மாட்டுவீர்கள். அதன் இடது பக்கத்து மேல் முனை, கீழ் முனை இரண்டையும் எக்ஸ் அச்சுக்கு சிமெட்ரிக் என்று கொடுத்தால் மறுபடி ரிடண்டண்ட் வரும். படுத்த அச்சுக்கு இரண்டு புள்ளி சிமெட்ரிக்காக இருந்தால் அவை தானாகவே ஒன்றுக்கு நேர் மேலே இன்னொன்று நிற்கும், செங்குத்து என்று ரெக்டாங்கிள் டூல் ஏற்கெனவே போட்டது கூடுதலாகிவிடும். அதனால் அந்த ஒரு கோட்டின் செங்குத்தை முதலில் அழித்துவிட்டு சிமெட்ரிக் போடுங்கள். எண் இல்லாத கன்ஸ்ட்ரெய்ண்டும் ரிடண்டண்ட் ஆகும் என்பதற்கு இது நல்ல உதாரணம், இதில் மண்டையைப் பிய்த்துக்கொள்ளாதவர்கள் கிடையாது. போருக்கு எண் வேண்டாம், ஓட்டைப் பெட்டியின் எதிரெதிர் மூலைகளைப் போர் சென்டருக்கு சிமெட்ரிக் ஆக்கினால் நாலு ஓட்டைக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீள ஓட்டைக்கு ஸ்லாட் டூல் இருக்கிறது. வலது வட்டம் இரண்டையும் எடுத்துவிட்டு அங்கே ஸ்லாட் போடுங்கள், படுக்கையாக. இரண்டு அரைவட்டத்தின் சென்டருக்கும் நடுப்புள்ளி பழைய ஓட்டை சென்டரில் விழ வேண்டும், அதற்கும் சிமெட்ரிக்தான். எண் இரண்டே: அரைவட்டத்துக்கு ரேடியஸ் 6.75, சென்டருக்கு சென்டர் எவ்வளவு தள்ளாட்டம் வேண்டுமோ அவ்வளவு. 8 கொடுத்தால் இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 4 நகர்த்தலாம், ஓட்டையின் மொத்த நீளம் 21.5. விளிம்புக்கு எவ்வளவு சதை மிஞ்சுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: 15-இல் 10.75 போனால் 4.25தான். எனக்கு அது கொஞ்சம் குறைவாகப் படுகிறது. அந்தப் படகுக்காரருக்குப் பிளேட்டை 130 ஆக்குங்கள், எண்ணை மாற்றினால் போதும், நீளம் வலது பக்கம்தான் வளரும்.

டி.எக்ஸ்.எஃப். விஷயத்தில் என்னிடம் வருகிற தலைவலி பெரும்பாலும் யூனிட். நீங்கள் 120 என்று வரைந்ததை எதிரில் உள்ள சாஃப்ட்வேர் இஞ்ச் என்று எடுத்துக்கொண்டால் பத்து அடி பிளேட் வந்து நிற்கும். அதனால் ஃபைலோடு மெசேஜில் "எம்.எம்., மொத்த அளவு 120 × 80" என்று எழுதிவிடுங்கள், நான் திறந்ததும் முதலில் அதைத்தான் அளப்பேன். அளவுக்கோடு, எழுத்து, பார்டர் எதுவும் ஃபைலில் வேண்டாம். ஒரு கஸ்டமர் பார்டரும் பெயர்ப் பெட்டியும் சேர்த்து அனுப்பினார், மெஷினைப் பொறுத்தவரை அதுவும் வெட்ட வேண்டிய கோடுதான். லேசர் தின்கிற அகலத்துக்காக நீங்கள் எதையும் கூட்டிக் குறைக்க வேண்டாம், சரியான அளவில் வரையுங்கள், அதை நாங்கள் மெஷினில் போட்டுக்கொள்வோம்.

அப்புறம் ஒன்றின் மேல் ஒன்றாக இரட்டைக் கோடு. லேசர் ஒரே இடத்தை இரண்டு தடவை வெட்டும். ஆட்டோகேடில் ஓவர்கில் என்று அடித்தால் அது பொறுக்கி எடுத்துவிடும், மணலிக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஃப்ரீகேடில் பச்சையாகாமல் எங்கோ ஒரு கோடு மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால் முதலில் அந்த இடத்தில் இரட்டைக் கோடா, மூலை சேராமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூலை மயிரிழை விலகியிருந்தாலும் நெஸ்டிங்கில் அது மூடிய உருவமாக எடுபடாது.

தடிமன், மெட்டீரியல், எத்தனை பீஸ் என்பதை ஃபைல் பெயரிலேயே போட்டுவிடுங்கள்.

---

காசிமேடு_டர்னர்

மாற்றிவிட்டேன் மேடம். அந்தச் செங்குத்து விஷயத்தில் சரியாக நீங்கள் சொன்ன இடத்திலேயே மாட்டினேன், அழித்ததும் பச்சை. 130-க்கு மாற்றியதில் வலது பக்கம் மட்டும் நீண்டது. ஓட்டையெல்லாம் அப்படியே. ஐயாவுக்கும் நன்றி, ஆங்கிளைப் பற்றிக் கேட்டிருக்காவிட்டால் நடுவிலிருந்தே வரைந்து அனுப்பியிருப்பேன்.

கப்ளிங்கின் ஆறு ஓட்டையில் ஒரு சந்தேகம். கியர் பாக்ஸ் பக்கத்து ஃபிளாஞ்ச்சில் வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்தால் பக்கத்து ஓட்டைகள் 63.6 வருகிறது, ஓட்டை 13.5. கழித்தால் 50.1. இதை 100 என்றே வைத்துக்கொள்ளலாமா?

---

வியாசை_அக்கா

ஒரு ஜோடியை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எதிரெதிர் ஓட்டை மூன்று ஜோடி இருக்கிறது, மூன்றையும் அதே மாதிரி வெளி ஓரத்துக்கு வெளி ஓரம் அளந்து 13.5-ஐக் கழித்துப் பாருங்கள். 100-ஐ ஒட்டி வந்தால் 100தான். பழைய ஃபிளாஞ்ச் என்றால் ஓட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்து நீண்டிருக்கும், அப்போது ஒரு ஜோடி மட்டும் தனியாக எகிறும். அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.